கறிவேப்பிலைப் புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வரை: டப்பாவில் வளர்க்கும் முறை

பூச்சிகளின் உருமாற்றத்தை முட்டையில் தொடங்கி இறக்கை வரை வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் எங்கும் தேடிப் போக வேண்டாம். கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ போதும். பட்டுப்புழுவும் வளர்க்கலாம்தான். ஆனால் அதற்கு மல்பெரி இலை வேண்டும், முட்டைத் தொகுதி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்க வேண்டிய கட்டம் முழுக்கப் பட்டுக்கூட்டுக்குள் மறைந்து நடந்துவிடும். கறிவேப்பிலையில் வரும் புழு உடம்பைச் சுற்றிக் கூடு பின்னுவதில்லை. ஒரு குச்சியில் நூலில் சாய்ந்தபடி வெட்டவெளியில் கூட்டுப்புழுவாகும். தோல் பிளப்பதையும் இறக்கை விரிவதையும் நேராகவே பார்க்கலாம்.

இங்கே சொல்வது எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு, அதாவது பாப்பிலியோ டெமோலியஸுக்கு. அதே இலையில் காமன் மார்மன் எனப்படும் பாப்பிலியோ பாலிடஸும் முட்டையிடும். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னப் புழுவாக இருக்கும்போதே எது எது என்று பிரிக்க மெனக்கெட வேண்டாம். பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் பின்னிறக்கையில் வால் இருந்தால் மார்மன், வால் இல்லாமல் கறுப்பில் மஞ்சள் திட்டுகளாக இருந்தால் எலுமிச்சை. மார்மன் பெண் பூச்சி மூன்று வேடத்தில் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேடம் ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவைகள் தின்னத் தயங்கும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சிகளைப் பார்த்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் ஒரே செடியிலிருந்து எடுத்த புழுக்கள் வெவ்வேறு நிறத்தில் வந்தால் குழம்ப வேண்டியதில்லை.

28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை பொரிய 3 அல்லது 4 நாள், புழுப் பருவம் ஏறக்குறைய இரண்டு வாரம், கூட்டுப்புழு 8 முதல் 10 நாள். மொத்தம் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர் கூடினால் எல்லாமே நீளும்.

தினசரி வேலை என்று பார்த்தால் இலை மாற்றுவதும் புழுக்கை அள்ளுவதும்தான். ஆனால் பூச்சிகள் வீணாவது அந்த வேலையில் அல்ல. அவை அசையாமல் கிடக்கும் நேரத்தில் கை வைப்பதால்தான் பெரும்பாலும் வீணாகின்றன. தோலுரிக்கும் முன்பும், கூட்டுப்புழுவாகும் முன்பும், இறக்கை விரியும்போதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கை தானாக விலகிக்கொள்ளும்.

தேவையானவை

ஒரு லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா இரண்டு (ஒன்றைக் கழுவிக் காயவைக்கும்போது இன்னொன்று வேண்டும்), 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள கொசுவலைக் கூண்டு ஒன்று, 2-ஆம் எண் ஓவியத் தூரிகை, டிஷ்யூ பேப்பர், மருந்துக் கடையில் கிடைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி, பஞ்சு, பென்சில் கனமுள்ள காய்ந்த குச்சிகள், மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள். கூண்டு வாங்க வேண்டுமென்பதில்லை. துணி போட்டு வைக்கும் வலைக் கூடையைக் கவிழ்த்து, சுற்றிலும் கொசுவலை தைத்தாலும் ஆயிற்று.

கூண்டின் கால்களை நீர் நிரம்பிய மூடிகளில் நிறுத்துங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. எறும்பு சாக்பீஸ் மட்டும் வேண்டாம். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. கொசுவத்தியும் கொசு லிக்விடும் அப்படித்தான். அவற்றிலுள்ள மருந்து கொசுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. படுக்கை அறையில் வைத்த புழுக்கள் காரணம் தெரியாமல் துடித்து விழுகின்றன என்றால் முதலில் சுவரிலுள்ள பிளக்கைப் பாருங்கள்.

முட்டை எடுப்பது

பெரிய புழுவாக எடுத்து வளர்ப்பது எளிது. ஆனால் வெளியில் வளர்ந்த புழுவுக்குள் குளவி முட்டையோ ஈயின் புழுவோ ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே முட்டையிலிருந்து தொடங்குவதே நல்லது. புதிதாகத் தளிர்விட்ட கொழுந்துகளில் காலை பத்து மணிக்கு மேல் தாய்ப்பூச்சி வந்து வயிற்றை வளைத்து ஒவ்வொன்றாக இட்டுப் போகும். வெளிர் மஞ்சள் நிறத்தில், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான முட்டை. இலையோடு சேர்த்துக் கிள்ளி எடுங்கள். முட்டையை மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள். முதல் தடவைக்கு ஆறு முட்டை தாராளம்.

பொரியும் முதல்நாள் முட்டை மங்கி, ஓட்டின் வழியே புழுவின் கருந்தலை ஒரு புள்ளியாகத் தெரியும். அப்படி இல்லாமல் முட்டை முழுவதுமே ஒரே சீராகக் கறுத்து நின்றால் அதற்குள் இருப்பது முட்டை ஒட்டுண்ணிக் குளவி. டிரைக்கோகிரம்மா என்று வயலில் விடுகிறார்களே, அந்த வகைதான். அரை மில்லிமீட்டர் அளவுள்ள குளவிகள் ஓட்டில் துளையிட்டு வரும். அதுவும் பார்க்கத் தகுந்ததே. தனிக் குப்பியில் போட்டு வையுங்கள்.

வெளிவந்த புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. பக்கத்தில் இன்னொரு முட்டை இருந்தால் அதையும் கடித்துப் பார்க்கும். எனவே முட்டைகளைத் தனித்தனி இலையில், விரல் அகலமாவது இடைவெளி விட்டு வையுங்கள்.

இலைதான் எல்லாம்

கடையில் வாங்கிய கறிவேப்பிலை கூடாது. இந்தத் திட்டம் முதல் வாரத்திலேயே படுத்துவிடுவதற்கு முதல் காரணம் அதுதான். சந்தைக் கறிவேப்பிலையில் மருந்து எச்சம் இருப்பது சகஜம். மூன்று தடவை கழுவினாலும் இலைக்குள் ஊடுருவிய மருந்து போகாது. வீட்டுச் செடியிலும் வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் புதுத் தளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்லாமல் போகலாம். தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன் சரியான நேரத்தில் சுரக்காதபடி அது குழப்பிவிடும். நன்றாகத் தின்று வளர்ந்த புழு பாதித் தோலை உரித்த நிலையில் சிக்கிச் செத்துக் கிடந்தால் இலையின் பூர்வீகத்தை விசாரியுங்கள்.

முதல் இரண்டு பருவத்துக்கும் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) இளந்தளிர் வேண்டும். முற்றிய இலையை அந்த வயதில் அதன் வாய் கடிக்காது. மூன்றாம் பருவத்திலிருந்து எதையும் தின்னும். கறிவேப்பிலையில் தொடங்கியதை எலுமிச்சைக்கு மாற்றலாம், வில்வத்துக்கும் மாற்றலாம். ஆனால் சில புழு புது இலையை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருக்கும். ஒரே செடியில் நிறுத்துவதே நிம்மதி.

கறிவேப்பிலை பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும். இணுக்கின் காம்பை ஈரப் பஞ்சால் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகுவதானால் காம்பைச் சுற்றிய இடைவெளியைப் பஞ்சால் இறுக்க அடையுங்கள். புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீருக்குள் போய் முழுகும். திரும்பி வரத் தெரியாது. டப்பாவின் உள்சுவரில் நீர் முத்துக் கட்டினாலும் ஆபத்து. புழுக்கை நனைந்து பூஞ்சை பிடிக்கும், முதல் பருவப் புழு அந்தத் துளியிலேயே ஒட்டிக்கொள்ளும். மூடியில் துளை போடுவதைவிட மூடியின் நடுவை வெட்டிக் கொசுவலை ஒட்டுவது மேல்.

ஒரு டப்பாவுக்குச் சின்னப் புழு நாலைந்து, கடைசிப் பருவத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் டிஷ்யூவை மாற்றுங்கள். புழுக்கை உலர்ந்து உருண்டையாக, தட்டினால் ஓசை கேட்கும்படி இருந்தால் புழு நலம். குழகுழப்பாக இருந்தால் இலையிலோ ஈரத்திலோ கோளாறு.

தோலுரிப்பு

புழுவின் மேல்தோல் ஓரளவுக்கு மேல் விரியாது. வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றியே ஆக வேண்டும். இந்தப் புழு நான்கு முறை உரித்து ஐந்து பருவம் காணும். முதல் நான்கு பருவத்திலும் கறுப்பு கலந்த பழுப்பும் நடுவில் வெள்ளைத் திட்டுமாக, பறவை எச்சம் என்று பார்ப்பவர் நம்பும்படி இருக்கும். ஐந்தாவதில் ஒரேயடியாகப் பச்சை.

உரிப்பதற்கு முன் புழு தின்பதை நிறுத்தி, இலையின்மேல் நூல் விட்டு மெல்லிய விரிப்பு ஒன்று போடும். அந்த விரிப்பில் வயிற்றுக் கால்களின் கொக்கிகளை மாட்டிக்கொண்டு அரை நாளோ ஒரு நாளோ அசையாமல் கிடக்கும். லென்ஸில் பாருங்கள்: பழைய தலை ஓடு முன்னால் தள்ளப்பட்டுச் சின்னதாக நிற்கும், அதன் பின்னால் கழுத்து வீங்கி, உள்ளே புதுத் தலை வெளிறித் தெரியும். இந்நேரம் பழைய தோல் உடம்பிலிருந்து ஏற்கெனவே பிரிந்துவிட்டது. புதுத் தோல் அடியில் மடிப்பு மடிப்பாகத் தயார். பழைய தோலின் உட்பகுதியைக் கரைத்து உறிஞ்சும் வேலைதான் நடக்கிறது.

புழுவுக்கு உடம்பு சரியில்லை என்று இப்போது தூக்கிப் புது இலையில் வைப்பவர்கள் பலர். அங்கேதான் கெடுகிறது. உரிக்கும்போது பழைய தோலை விரிப்பு பிடித்துக்கொள்ள, புழு அதிலிருந்து முன்னால் நழுவி வருகிறது. பிடிமானம் போய்விட்டால் தோலும் கூடவே நகரும், கழலாது. வால் முனையில் பழைய தோல் வளையமாக இறுகிப் பின்பாதி கறுத்துச் சாகும். ஆகவே அசையாத புழு இருக்கும் இலை வாடினாலும் அப்படியே விடுங்கள். டப்பாவைச் சுத்தம் செய்தாக வேண்டுமானால் அந்த இலையைக் காம்போடு சேர்த்து எடுத்து வையுங்கள், புழுவைத் தனியாகப் பிரிக்காதீர்கள். மற்ற நேரங்களில் நகர்த்துவதற்கும் விரல் வேண்டாம். தூரிகையைப் புழுவின் முன்னால் வைத்துப் பின்புறம் லேசாகத் தொட்டால் அதுவே ஏறிக்கொள்ளும். ரொம்பச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாக ஒரு சதைக்கொம்பு நீட்டும். அழுகிய நாரத்தை வாடை அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்டத்தான் அது. மூடிய டப்பாவில் அடிக்கடி நீட்ட வைப்பது அதற்கும் நல்லதல்ல.

உரிப்பு தொடங்கினால் சில நிமிடத்தில் முடியும். கழுத்துப் பக்கம் பிளந்து, உடம்பு அலை அலையாகச் சுருங்கி விரிய, தோல் பின்னால் ஒதுங்கும். தலை ஓடு மட்டும் முகமூடியாகத் தனியே மாட்டிக்கொண்டு நிற்கும், பிறகு அதைக் கால்களால் தள்ளிவிடும். உதிர்ந்த தோலை விரித்துப் பார்த்தால் இருபக்கமும் வெள்ளை இழைகள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உள்வரி. பூச்சி மூச்சுக்குழாய்க்குள்ளும் தோலுரிக்கிறது. இதைப் பார்க்க ஆசைப்பட்டால் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் புழு அதையும் தின்றுவிடும். தலை ஓட்டை மட்டும் தின்பதில்லை.

அந்தத் தலை ஓடுகளைச் சேர்த்து வையுங்கள். புழுவின் நீளம் தின்றதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், நீட்டினால் ஒரு அளவு, சுருக்கினால் ஒரு அளவு. தலை ஓடு அப்படியல்ல. ஒரு பருவம் முடியும்வரை அதே அகலம்தான். அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாரிசன் டயர் 1890-இல் காட்டியது இதுதான்: ஒவ்வொரு உரிப்பிலும் தலை அகலம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுகிறது. பெரும்பாலான புழுக்களில் அது 1.4 மடங்கை ஒட்டி இருக்கும். ஓட்டை கிராஃப் தாளில் செலோடேப்பால் ஒட்டி, கைபேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டிப் படம் எடுத்து, ஒரு மில்லிமீட்டர் எத்தனை பிக்சல் என்று கணக்கிடுங்கள். மில்லிமீட்டருக்கு 80 பிக்சல், ஓட்டின் அகலம் 96 பிக்சல் என்றால் 1.2 மி.மீ. அடுத்தடுத்த இரண்டு ஓடுகளின் விகிதம் 2-ஐ ஒட்டி வந்தால் இடையில் ஒரு ஓட்டை டிஷ்யூவோடு குப்பையில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். 1.4-ஐ இருமுறை பெருக்கிப் பார்த்தால் புரியும்.

பச்சைக்கு மாறுவது ஏன் ஐந்தாம் பருவத்தில்? புழுவை இளமையிலேயே நிறுத்தி வைக்கும் ஜுவனைல் ஹார்மோன் இரத்தத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு உரிப்பும் இன்னொரு இளம்புழுவையே தரும். நம் பூச்சியின் நெருங்கிய உறவான பாப்பிலியோ சூத்தஸில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்: நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் இந்த ஹார்மோன் குறைவதால்தான் அடுத்த தோல் பச்சையாக வருகிறது. வெளியிலிருந்து ஹார்மோனைத் தடவினால் ஐந்தாம் பருவத்திலும் எச்ச வேடம் தொடர்ந்தது.

கடைசிப் பருவத்தில் தீனி எகிறும். பட்டுப்புழு தன் வாழ்நாள் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. இங்கேயும் அதே கதைதான். ஒரு புழு ஒரு நாளில் இரண்டு மூன்று இணுக்கைக் காலி செய்யும். செடி சின்னதென்றால் ஆறு புழுவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். புழுவும் பட்டினி கிடக்கும், செடியும் மொட்டையாகும்.

பேதி போல் தெரிவது பேதி அல்ல

ஐந்தாம் பருவம் தொடங்கி ஐந்தாறு நாளில் ஒரு காலை, உலர்ந்த புழுக்கைக்குப் பதில் ஈரமான பெரிய கழிவு கிடக்கும். புழு சற்றுச் சுருங்கி, நிறம் மங்கி, டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடும். நோய் என்று பயப்பட வேண்டாம். குடலைக் காலி செய்துவிட்டுக் கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. உடனே வலைக் கூண்டுக்கு மாற்றி, குச்சிகளைச் சாய்வாக நிறுத்துங்கள். டப்பாவிலேயே விட்டால் மூடியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மூடியைத் திறக்கவே முடியாது.

இடம் பிடித்ததும் வால் முனைக்கு ஒரு நூல் மெத்தை போடும். அடுத்தது இடுப்புக் கயிறு. தலையைப் பின்னுக்கு வளைத்து, ஒரு பக்கம் ஒட்டிய நூலை முன்புறமாகக் கொண்டுபோய் மறுபக்கம் ஒட்டும், திரும்ப வரும், திரும்பப் போகும். இழைகள் சேர்ந்து தடித்ததும் அந்த வளையத்துக்குள் தலையை நுழைத்து, முதுகில் கயிறு படும்படி சாய்ந்துகொள்ளும். இடையில் தொட்டால் வேலையை விட்டுவிட்டு வேறிடம் போகும். நூல் இருப்பு அளவானது, இரண்டாம் தடவை கயிறு மெலிதாகத்தான் வரும்.

இப்படிச் சாய்ந்து ஒரு நாள் கிடக்கும். பிறகு கடைசித் தோல் கழுத்தில் பிளந்து கீழே இறங்கும். வால் வரை தோல் வந்ததும் சர்க்கஸ் ஒன்று நடக்கிறது. தோலிலிருந்து வால் முனையை உருவி, அதிலுள்ள நுண்கொக்கிகளை நூல் மெத்தையில் மாட்டிவிட்டு, பழைய தோல் விழும்வரை சுழன்று சுழன்று உதறும். அந்தச் சில நொடிகளில் அதைத் தாங்குவது இடுப்புக் கயிறு மட்டும்தான்.

கூட்டுப்புழு பச்சையாக வருமா பழுப்பாக வருமா என்பது பிடித்த இடத்தைப் பொறுத்தது. வழுவழுப்பான மெல்லிய பச்சைத் தண்டில் பச்சை, சொரசொரப்பான மரக்குச்சியில் பழுப்பு வரவே வாய்ப்பு அதிகம். சாய்ந்து கிடக்கும் நாளிலேயே அது தீர்மானமாகிவிடும், பின்னால் இடம் மாற்றினாலும் நிறம் மாறாது. ஒரே கூண்டின் ஒரு பக்கம் கறிவேப்பிலைத் தண்டும் மறுபக்கம் பட்டையுள்ள வேப்பங்குச்சியும் வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உள்ளே கூழ் இல்லை

கூட்டுப்புழுவுக்குள் எல்லாம் கூழாகிப் புதிதாகப் பிறக்கிறது என்று பள்ளிப் பாடத்திலிருந்து எல்லோரும் சொல்கிறோம். சரியல்ல. புதிதாக உரிந்த கூட்டுப்புழுவை லென்ஸில் பாருங்கள். இறக்கையின் எல்லைக்கோடு, உணர்கொம்பு, கால், உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்குமான உறைகள் முதல் நாளே மேல்தோலில் வரைந்தது போலத் தெரியும். ஏனென்றால் இறக்கைக்கான திசுத் தட்டுகள் புழுவுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தன. நெதர்லாந்தின் இயற்கை ஆய்வாளர் ஸ்வாமர்டாம் பதினேழாம் நூற்றாண்டிலேயே புழுவின் தோலைப் பிரித்து உள்ளே இறக்கை இருப்பதைக் காட்டினார். புழுவின் தசைகளும் குடலும் பெருமளவு கரைவது உண்மை. மூச்சுக்குழாய்களும் நரம்பு மண்டலமும் திருத்தி அமைக்கப்படுகின்றனவே தவிர, கரைந்து காணாமல் போவதில்லை. 2013-இல் பெயின்டட் லேடி என்ற பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுக்களை உயிரோடு சிடி ஸ்கேன் செய்து பார்த்தபோது மூச்சுக்குழாய்களின் வலைப்பின்னல் தொடக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. 2008-இல் புகையிலைப் புழுவில் செய்த சோதனை இன்னும் சுவாரசியம்: கடைசிப் பருவத்தில் ஒரு வாடையை வெறுக்கப் பழகிய புழு, அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாடையை ஒதுக்கியது.

இத்தனையையும் தொடங்கி வைப்பது மூளை. போலந்தின் உயிரியலாளர் ஸ்டெஃபான் கோபெச் நூறாண்டுக்கு முன் ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுவை நடுவில் நூலால் இறுகக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவானது, பின்பாதி புழுவாகவே நின்றது. தலைப்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று இரத்தம் வழியே போகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அந்தத் தொடரின் முடிவில் உரிப்பைச் செய்யவைக்கும் எக்டைசோன் என்ற ஹார்மோனை 1954-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் புடெனான்டும் கார்ல்சனும் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். இவ்வளவு சொற்ப அளவில் ஓடும் சமிக்ஞை என்பதால்தான் இலையில் கொஞ்சம் வேப்பெண்ணெய் இருந்தாலும் கணக்கு தப்புகிறது.

விழுந்துவிட்டால்

இடுப்புக் கயிறு அறுந்து கூட்டுப்புழு தரையில் கிடப்பது அடிக்கடி நடக்கும். புதிதாக உரிந்தது என்றால் தொடவே தொடாதீர்கள். தோல் இன்னும் மென்மை. நகம் பட்டாலே கிழிந்து நீர் கசியும். டிஷ்யூ விரிப்பில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். இறுகிய பிறகு தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, உடம்பின் பாதி மட்டும் உள்ளே நிற்கும் அளவுக்கு வெட்டி, கூண்டின் சுவரில் ஊசியால் குத்துங்கள். கூட்டுப்புழுவை வால் கீழே, தலை மேலே இருக்கும்படி மெதுவாக இறக்குங்கள். கூம்பின் வாய் வலையை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே வரும் பூச்சி ஏறிப் பிடிக்கச் சொரசொரப்பான இடம் அவசியம். உடம்பில் பசை வைப்பதைப் பலர் செய்கிறார்கள், வேண்டாம். சூடான பசைத் துப்பாக்கியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தூரிகையால் வயிற்றுப் பக்கம் லேசாகத் தொட்டால் போதும், நெளியும். நெளியாமல், பளபளப்புப் போய், ஒரு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளையோடு இருந்தால் உள்ளே இருந்தது டெரோமேலஸ் போன்ற ஒட்டுண்ணிக் குளவி. சாய்ந்து கிடக்கும் புழுவின் மேலேயே வந்து காத்திருந்து, தோல் உரிந்து மென்மையாக இருக்கும் அந்த வேளையில் முட்டையிடும். வலையின் கண் பெரிதாக இருந்தால் நுழைந்துவிடும், அந்த இரண்டு நாள் மட்டும் மெல்லிய துணியால் மூடி வைக்கலாம். வெள்ளைப் புழு ஒன்று நூல் விட்டு இறங்கிப் பழுப்பு நிறக் குப்பி வடிவமானால் அது புழுவுக்குள் ஒட்டுண்ணியாக வளரும் டக்கினிட் ஈ. பெரிய புழுவாக வெளியிலிருந்து எடுத்து வந்ததன் கூலி.

புழு தலைகீழாகத் தொங்கிக் கறுத்து, தொட்டால் தண்ணீராக ஒழுகினால் வைரஸ். அந்த டப்பாவிலுள்ள இலை, டிஷ்யூ எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். கூடவே இருந்த புழுக்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். டப்பாவை ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், பத்துப் பங்கு தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வாடை போகக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். கொடியில் போடும் துணிகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கறை விழும்.

இறக்கை விரியும் காலை

எட்டாம் நாளுக்குப் பிறகு ஒரு மாலை கூட்டுப்புழு கறுக்கும். அழுகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். விளக்கை அருகில் வைத்தால் கறுப்பில் மஞ்சள் திட்டுகள் தெரியும். இறக்கை அழுத்தமாக நிறம் பிடித்துவிட்டது. பெரும்பாலும் மறுநாள் காலை வெளியே வரும். இப்போது கூண்டின் அடியில் டிஷ்யூ விரித்து, ஒரு மூலையில் ஈரப் பஞ்சு வையுங்கள். ஏசி அறையாக இருந்தால் கூண்டை வெளியே எடுங்கள். காற்று வறண்டால் இறக்கை விரியுமுன் காயும்.

தலைப் பக்கம் பிளந்து, ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். வந்தவுடன் பார்த்தால் வயிறு தடித்து, இறக்கை நனைந்த துணி போலச் சுருண்டு, விரல் நக அளவில் இருக்கும். அது மேலே ஏறி, இறக்கை கீழே தொங்கும்படி ஒரு பிடிமானம் தேடும். பிறகு வயிற்றிலிருந்து இரத்தத்தை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி விரிக்கும். பத்து முதல் இருபது நிமிடத்தில் முழு அளவு வந்துவிடும். முழுப் பூச்சியின் இறக்கை விரிப்பு 8 முதல் 10 செ.மீ., எனவே கீழே அதற்கும் மேல் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு லிட்டர் டப்பாவில் கூட்டுப்புழுவானதை அப்படியே விட்டவர்களுக்கு மடங்கிய இறக்கைதான் கிடைக்கும்.

ஏறத் தெரியாமல் தரையில் தவித்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு குச்சியை அதன் முன்கால்களிடம் நீட்டுங்கள். பிடித்துக்கொண்டால் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். காய்ந்துவிட்ட மடிப்பை எதுவும் நேராக்காது. ஆவி பிடிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் வீண்.

இந்த நேரத்தில் தலையையும் கவனியுங்கள். இலையைக் கடித்த வாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய அரைக்குழல்கள் இருக்கும். பூச்சி அவற்றைச் சுருட்டி, நீட்டி, மறுபடி சுருட்டி ஒன்றாக ஒட்டிக் குழலாக்கும். இது முடியாமல் தொந்தரவு செய்தால் குழல் பிளந்தே நின்றுவிடும், பூவில் தேன் குடிக்க முடியாது. கீழே டிஷ்யூவில் கலங்கிய திரவம் சொட்டியிருக்கும். உருமாற்றத்தின்போது சேர்ந்த கழிவுதான், காயம் அல்ல.

விரிந்த இறக்கை இறுக இரண்டு மணி நேரமாவது ஆகும். முதல் நாள் உணவு தர வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரில் மூக்கைத் தோய்க்கவும் வேண்டாம். வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல் கூண்டைத் திறந்து விடுங்கள். மழை என்றால் அடுத்த நாள். இட்லிப்பூ, உண்ணிச்செடி பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கேதான் போகும். எலுமிச்சைத் தோட்டமோ நாற்றங்காலோ வைத்திருப்பவர் வீட்டருகே கூட்டமாக வளர்த்து விடுவதை மட்டும் தவிருங்கள். நாற்றுகளை மொட்டையடிப்பதில் இந்தப் புழுவுக்குப் பெயர் உண்டு. ஆசியப் பூச்சியான இது 2004-இல் கடல் தாண்டி கரீபியப் பகுதியிலுள்ள டொமினிக்கன் குடியரசில் தென்பட்டபோது அங்குள்ள எலுமிச்சை இன விவசாயிகள் கவலைப்பட்டதும் அதனால்தான்.

காலியான கூட்டுப்புழுத் தோலை எறியாமல் உரித்த தலை ஓடுகளுக்குப் பக்கத்திலேயே கிராஃப் தாளில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறை வெட்டுக்கிளிக் குஞ்சையோ கும்பிடுபூச்சிக் குஞ்சையோ வளர்க்கும்போது அதன் தோல்களையும் அதே தாளில் ஒட்டலாம். அங்கே கூட்டுப்புழு நிலை கிடையாது. குஞ்சு பார்க்கத் தாயைப் போலவே இருக்கும், இறக்கை மொட்டு மட்டும் ஒவ்வொரு தோலிலும் கொஞ்சம் நீண்டு வரும்.